ஐம்பது கிலோமீட்டர் வெறும் தார்

என் கணவர் சுலேவி வாங்கிவைத்த குளிர்காலச் சைக்கிள் சக்கரங்கள் இரண்டும் எங்கள் கட்டிடத்து நிலவறையில் ஒரு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு நாள்கூட ஓடாதவை. டயரில் பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் மயிர்கள்கூட உதிரவில்லை.

அவற்றைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு கோடைகாலம் முழுக்க ஆனது. பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க டயரில் சின்ன இரும்பு ஆணிகள் பதித்திருப்பார்கள். நடுவில் மட்டும் ஆணி பதித்த டயர் நேர்ப்பாதைக்குப் போதும். உருகி மறுபடி இறுகிய பனித் தடங்களிலிருந்து சக்கரம் ஏறி வர வேண்டுமானால் ஓரங்களிலும் ஆணி வேண்டும். நூறு ஆணியா, இருநூற்று நாற்பதா என்று காலைக் கஞ்சிக்கு நடுவில் என்னையே கேட்பார். கடைசியில் இருநூற்று நாற்பது. டயரை மட்டும் மாற்றினால் ஒரு மாலை வீணாகிறது என்று சக்கரத்தோடு சேர்த்தே வாங்கினார். கழற்றி மாட்டப் பத்து நிமிடம்.

எங்கள் வடக்கத்திய ஊரான ஔலுவில், குடியிருப்பில், சக்கரம் மாற்றும் நாள் நவம்பர் தொடக்கத்தில், இறந்தவர்களை நினைக்க வரும் புனிதர்கள் சனிக்கிழமை. காலையில் சக்கரம், மாலையில் கல்லறைக்கு மெழுகுவத்தி. அதற்கு முன்னால் யாராவது ஆணி டயரோடு கிளம்பினால் சிரிப்பார்கள். பனி விழாத வெறும் தாரில் அது போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். சிரிப்பவர்களில் முதல் ஆள் மாடி வீட்டு வெய்யோ. நாற்பது குளிர்காலத்தை வழுக்கை டயரில் ஓட்டியவன்.

சென்ற வருடம் அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி காலை, சன்னலுக்கு வெளியே வெப்பமானி பூஜ்யத்தில் நின்றது. நான் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஏலக்காய் தீர்ந்திருந்தது.

"புதுச் சக்கரத்த மாட்டிடட்டுமா, ரௌனி?" என்றார் சுலேவி.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. புது ஆணிய தார்ல தேய்க்கவா? வெய்யோ வாயில விழணுமா?"

சிரித்துக்கொண்டே, பழைய சக்கரத்திலேயே ஏலக்காய் வாங்கப் போனார். ரயில் பாலத்துக்கு அடியில் பாதை சரிந்து இறங்கும் இடத்தில் தரை கறுப்பாக உறைந்திருந்தது. பார்த்தால் ஈரமான தார் போலத்தான் இருக்குமாம். முன்சக்கரம் நழுவித் தலை சுவரில் மோதியது. அன்றே இறந்துபோனார்.

அதன்பின் நான் சைக்கிளைத் தொடவில்லை. வேலைக்குப் பேருந்தில் போனேன். இந்த வருடம் செப்டம்பர் பிறந்ததும் உட்கார முடியவில்லை. காபி ஊற்றுவேன், குடிக்காமல் எழுந்து வெப்பமானியைப் பார்ப்பேன். பிளஸ் பதினொன்று. நிலவறைக்குப் போய் விளக்கைப் போட்டு அந்தச் சக்கரங்களைப் பார்ப்பேன், மேலே வருவேன், மறுபடி இறங்குவேன். அந்த ஆணிகள் அன்று பனிக்கட்டியைப் பிடித்திருக்குமா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். வேறு எதிலும் மனம் நிற்கவில்லை.

ஒரு நாள் இரண்டையும் கைப்பிடியில் மாட்டி, என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் தூலியா. முப்பது வயதிருக்கும். சக்கரங்களை என் சைக்கிளில் மாட்டி, சுற்றிவிட்டு, மட்கார்டை விரலளவு உயர்த்தினாள்.

"இப்பவே ஓட்ட ஆரம்பிச்சிடுங்க."

"இப்பவேவா? தேஞ்சு போகாதா?"

"புதுசுல்ல. முதல் ஐம்பது கிலோமீட்டர் வெறும் தார்லதான் ஓட்டணும். அப்பதான் ஆணி ரப்பருக்குள்ள நல்லா உக்காரும். மெதுவா போங்க, திடீர்னு பிரேக் பிடிக்காதீங்க."

தாரில் ஓட வேண்டியவற்றைத்தான் நாங்கள் தார் படாமல் பத்திரப்படுத்தியிருந்தோம். கடைக் கதவுவரை போனவள் திரும்பி வந்தேன்.

"ஓட்டாமலே, புதுசாவே பனிக்கட்டியில இறக்கினா பிடிக்குமா?"

தூலியா துணியில் கை துடைத்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வட்டாரம் சின்னதுதான். கொஞ்சம் யோசித்தாள்.

"பிடிக்கும். நாலஞ்சு ஆணி தெறிச்சுப் போயிருக்கும். அவ்ளோதான்," என்றாள். பிறகு, "நீங்க கேட்டதால சொன்னேன்."

"உண்மை தெரியணும்னுதான் கேட்டேன்."

வீட்டிலிருந்து ஆற்றுமுகம் வரை போய்வர ஆறு கிலோமீட்டர். தினமும் போனேன். சில நாள் இரண்டு முறை. வெயிலில், காய்ந்த தாரில், உதிர்ந்த பிர்ச் மர இலைகளுக்கு மேல் சடசடவென்று. நாய்கள் திரும்பிப் பார்த்தன. மூன்றாம் நாள் வெய்யோ குப்பைத் தொட்டி அருகே நின்றிருந்தான்.

"யாரோ வாணலியில பன்றிக்கொழுப்பு வறுக்கறாங்கன்னு நெனச்சேன். நீயா?"

"இன்னும் வேகல, வெய்யோ. முப்பத்திரண்டு கிலோமீட்டர் பாக்கி."

"புனிதர்கள் சனிக்கிழமை இந்த வருஷம் செப்டம்பர்ல வந்துடுச்சா?"

"எனக்கு வந்துடுச்சு."

அவன் குப்பைப் பையைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனான்.

ஐம்பது முடிந்தும் நிறுத்தவில்லை. ஆனால் ரயில் பாலத்துப் பக்கம் மட்டும் போகவில்லை.

அக்டோபர் பதினேழு. காலை ஏழே முக்கால். வெப்பமானி பூஜ்யம். காபியை ஊற்றவே இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில் பாலத்துக்குப் போனேன்.

பாலத்துச் சரிவின் உச்சியில் வெய்யோ சைக்கிளிலிருந்து இறங்கி நின்றான். ஒரு காலை நீட்டி, பூட்ஸ் நுனியால் தரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கீழ எப்படி இருக்கும்னு நெனைக்கிற?"

"தெரியல. பாத்துட்டுச் சொல்றேன்."

இறங்கினேன். பாதி தூரத்தில் சடசடப்பு நின்று, மெல்லக் கடிக்கும் சத்தம் தொடங்கியது. பனிக்கட்டி. கைப்பிடியை இறுக்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சுவர் வலப்பக்கம் வந்தது, கடந்தது. முன்சக்கரம் அசையவில்லை. எதிர்ச்சரிவில் ஏறிக் கால் ஊன்றித் திரும்பிப் பார்த்தேன்.

பிடித்துவிட்டது. அன்றும் பிடித்திருக்கும்.

வெய்யோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஓரத்துப் புல்லிலேயே கால் வைத்து, நெடுநேரம் எடுத்து வந்து சேர்ந்தான். மூச்சு வாங்கியது.

"அன்னைக்குக் காலையில அவர் மாட்டட்டுமான்னு கேட்டார்," என்றேன். "நான்தான் வேண்டாம்னேன்."

அவன் தன் வழுக்கை டயரையே பார்த்தான்.

"வெய்யோ சிரிப்பான்னு சொல்லியிருப்ப."

"ஆமா."

"சிரிச்சுத்தான் இருப்பேன்." மூக்கைக் கையுறையால் துடைத்தான். மேலே ஒரு ரயில் கடந்து போனது. "அந்தப் பொண்ணு கடைய எத்தன மணிக்குத் திறப்பா?"

"பத்துக்கு."

"அதுவரைக்கும் தள்ளிக்கிட்டே போறேன்."

அவன் கடைப் பக்கம் நடந்தான். நான் வந்த வழியே திருப்பி, இன்னொரு முறை கீழே இறங்கினேன்.