கீறல் இல்லாத விமானம்

தௌசீப் அகமதுவுக்கு இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை. ஆம்பூர் தோல் பேக்டரியில் பஃபிங். முள் கிழித்த தோலோ ஈ கடித்த தோலோ, எது வந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கீறலைக் காணாமல் அடிப்பான். கீறல் இருந்தால் கிரேடு இறங்கிவிடும், அப்புறம் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆர்டர் இல்லையென்று பேக்டரியை ஒரு மாதம் மூடியபோது, அசந்துபோன தோளோடு சத்துவாச்சாரிக்குக் கூலி வேலைக்கு வந்தான். அங்கே புது மியூசியத்தில் ஒரு சீ ஹேரியர் நின்றது. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த பழைய கடற்படை ஜெட். பெயின்ட் அடிக்கும் முன் தேய்த்துக் கொடு என்றார்கள். பழக்கம் விடுமா? சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழிக்குள்ளும் புகுந்து தேய்த்து, பட்டி பூசி வழவழவென்று ஆக்கிவிட்டான். அதற்குள் எவன் பார்க்கப்போகிறான் என்று மேஸ்திரி கத்தியும் கேட்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பெருமாள் வந்தார். அந்த ஜெட்டுக்கு மெக்கானிக்காக இருந்தவர். எழுபது வயது முழங்காலை மடக்கிக் குழிக்குள் தலையை விட்டவர், நெடுநேரம் வெளியே வரவில்லை.

"இங்க ஒரு பேரு இருந்துச்சு பாய். ஜோசுவான்னு. ஸ்க்ரூ டிரைவரால அவனே கீறினது."

"கீறல்தானேன்னு எடுத்துட்டேன் சார்."

பெருமாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தரையிலேயே உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். ஜோசுவா அவரோடு அதே ஜெட்டில் வேலை பார்த்த தோஸ்த். கப்பலின் மேல்தளத்திலிருந்து கடலில் விழுந்தவன். உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. அப்போது மகள் தாய் வயிற்றில். அப்பாவின் கைபட்ட எழுத்தைத் தொட்டுப் பார்க்க அவள் நாளை வருகிறாள்.

போன் அடித்தது. அவள்தான். "இருக்குதா மாமா?"

"இருக்குது கண்ணு" என்றவர், போனைக் கையால் பொத்திக்கொண்டார். "எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதா பாய்? அதே மாதிரி கீறிடு. அவளுக்கு இன்னா தெரியும்?"

ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு வளைவும் விரலுக்குத் தெரியும். கீறினால் ஐந்து நிமிஷம், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். ஆனால் அந்தப் பெண் தடவப்போவது இவன் எழுத்தை. நினைக்கவே வெட்கமாக இருந்தது. போனை வாங்கினான்.

"நான் இங்க வேலை செய்றவன்மா. உங்கப்பா பேர நான்தான் தேச்சு எடுத்துட்டேன். தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிடு."

"நீங்க அதப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

தௌசீப் குழிக்குள் கையை விட்டு, பேர் இருந்த இடத்தைத் தடவினான்.

"ஆழமா இருந்துச்சும்மா. சுலபத்துல போகல. மதியம் வரைக்கும் தேச்சேன்."