முப்பத்திரண்டு விசில்

1

இது திருடிய கதை. என் அக்கா ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். போன வாரம் போன் போட்டு, மூச்சு வாங்க, "டேய், இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா!" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதிய–

(இல்லை. நல்ல வெயில். அக்கா படித்தால் தொலைத்துவிடுவாள்.)

2

ஒன்பதாம் வகுப்பில் பாதியில் வந்து சேர்ந்த பெண் ஒருத்தி. எல்லாருக்கும் அவள் 'புதுசு'. இடைவேளையில் நான்கு பேர் அவளை மாடிப்படிக்குக் கீழே மடக்கிக் கிள்ளுவார்கள், பின்னலைப் பிடித்து இழுத்துச் சுவரில் முட்டவைப்பார்கள். அவர்களின் தலைவிக்குப் பட்டப்பெயர் 'கேப்டன்'. பார்த்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

புதுசின் கை கன்றியிருந்ததை அக்கா கவனித்தாள். "என்னம்மா இது?"

"விழுந்துட்டேன் மிஸ்."

அக்கா நம்பிவிட்டாள். (இந்த இடத்தில் அவளைப் புத்திசாலியாகக் காட்டப் பார்த்தேன். "நம்பினேன்னே எழுதுடா" என்றாள்.) மறுவாரம் இன்னொரு கன்றல். இந்த முறை அக்கா நம்பவில்லை.

3

மறுநாள் விசில் பெட்டியோடு வகுப்புக்குள் நுழைந்தாள். முப்பத்திரண்டு பேர், ஆளுக்கு ஒன்று. கேப்டனுக்கும்தான்.

"யாராவது யாரையாவது அடிச்சா ஊதுங்க. பேர் சொல்ல வேணாம். ஒரு சத்தம் கேட்டா மத்தவங்களும் ஊதணும். நான் ஓடி வந்துடுவேன்."

தலைமையாசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். "இது பள்ளிக்கூடமா, பஸ் ஸ்டாண்டா?"

"ஒரு வாரம் குடுங்க மேடம்."

மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. (கதையும் என்னோடு படுத்துவிட்டது.)

4

நான்காம் நாள் மதியம் ஒரு விசில். நடுங்கிய, மெல்லிய சத்தம். அக்கா சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். இரண்டாவது. ஐந்தாவது. பிறகு எண்ண முடியவில்லை. வராந்தா, குழாயடி, மைதானம், மேல்மாடி, எங்கும் விசில்! (கை பரபரக்கிறது, கையெழுத்து எனக்கே புரியவில்லை.) இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். கேப்டனின் கையில் புதுசின் பின்னல். சுற்றிலும் கன்னம் உப்பிய முகங்கள், ஊதுவதை நிறுத்தாமல்.

"விடு" என்றாள் அக்கா.

விட்டாள்.

முதலில் ஊதியது புதுசு என்று எழுதிவிட்டு அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"தப்பு! அந்த நாலு பேர்ல ஒருத்திடா! 'குச்சி'ன்னு கூப்பிடுவாங்களே, அவ! கேப்டன் பக்கத்துலயே நின்னு ஊதியிருக்கா!"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கதை என்னைவிடப் பெரியதாகிவிட்டது.

5

முடிவு ஒன்று: கேப்டன் கதறி அழுது மன்னிப்புக் கேட்–

(அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அம்மாவை வரவழைத்துப் பேசினார்கள். தினமும் கடைசி பீரியடில் அக்காவோடு உட்கார்கிறாள். இன்னும் முறைக்கத்தான் செய்கிறாள். புதுசு இப்போது தனியாக நடப்பதில்லை, கூட இரண்டு பேர்.)

முடிவு இரண்டை என்னால் எழுத முடியாது. விசில் ஊதிய மறுநாள் மதியம், குச்சி சாப்பாட்டு டப்பாவோடு வகுப்பு வாசலில் நிற்கிறாள். பழைய கூட்டாளிகள் முதுகைக் காட்டுகிறார்கள். மற்றவர்களுக்கோ, நேற்றுவரை அவளும் கிள்ளியது மறக்கவில்லை. புதுசு தலை நிமிரவில்லை. ஒரே ஒரு பெஞ்சில் மட்டும் ஓர் இடம் காலி.

"நான் சொல்லி உட்கார வச்சா, நான் போனதும் எழுப்பிடுவாங்கடா" என்றாள் அக்கா. பிறகு என்ன நடந்தது என்று அவள் சொல்ல வந்தபோது போனை வைத்துவிட்டேன்.

ஏனென்றால், அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பது நானில்லை, நீங்கள். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.