வலது தாடையில் புறம்போக்கு

என் மகள் சுடரொளியின் கீழ்த்தாடையில், வலது பக்கம், முக்கால் சென்டிமீட்டர் அகலத்துக்குப் புறம்போக்கு நிலம் இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. அவளுக்குப் பத்து வயது. சாப்பிடும்போது வலிக்கிறது என்றதால்தான் படமே எடுத்தோம்.

பல் டாக்டர் ஹெப்சிபா சந்தேகம் வேண்டாம் என்று ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். "கட்டி இல்ல, சீழ் இல்ல. அந்த இடத்துல எலும்பே இல்ல, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைங்களுக்கு இது அபூர்வம்" என்றார். நோயாக இருந்தால் அவர் பார்ப்பாராம். காலி இடம் என்றால் தாலுகா ஆபீஸுக்குத்தான் எழுத வேண்டுமாம். எழுதியும் விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சர்வேயர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் நுழைந்து, கையைக் கழுவாமல் பிள்ளையின் வாயைத் திறந்தார். பிறகு எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதையும் முன்பின்னாகப் பிடித்தார்.

"சார், படத்தைத் திருப்புங்க. மூலையில இவ பேரு கண்ணாடியில பாக்கிற மாதிரி தெரியுது."

"பேரு எதுக்கும்மா? எங்களுக்கு அளவு போதும்."

அளந்தார். இடது பக்கப் பல் ஒன்று அரசு நிலத்தை ஆக்கிரமித்திருப்பதாக எழுதி, ஏழு நாளில் காலி செய்ய வேண்டும் என்று அவள் கன்னத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். பால் பல் விழுந்து இரண்டு மாதம் முன்புதான் முளைத்த பல் அது. பிடுங்கினால் மறுபடி முளைக்காது. படித்த மனுஷனுக்கு ஒரு படத்தை நேராகப் பிடிக்கத் தெரியாதா?

நோட்டீஸைக் கிழிக்கக் கூடாது என்பதால் அதோடேயே பள்ளிக்கூடம் போய் வந்தாள். ஆறாம் நாள் அவளை இழுத்துக்கொண்டு தாசில்தாரிடம் போனேன். தாசில்தார் அம்மா மீட்டிங்கில் இருக்கிறார் என்று வாசலில் தடுத்தார்கள். தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"இடது பக்கம் முழுக்க எலும்பு இருக்கு. அது எங்க சொந்த எலும்பு. உங்க சர்வேயர் படத்தை மாத்திப் பிடிச்சதுக்கு என் பிள்ளை ஆயுசு பூரா ஒரு பக்கமா மெல்லணுமா?"

கத்தத்தான் செய்தேன். அதற்காக வெட்கப்படவில்லை.

தாசில்தார் அம்மாள் ஃபிலிமைச் சரியாகப் பிடித்துப் பார்த்தார். சுடரொளியின் வலது பக்கப் பல்லை விரலால் அசைத்தார். "இது பால் பல். ஆடுது. வலிச்சதும் இதுதான். தானா விழுந்துடும், நோட்டீஸ் தேவையில்ல." கன்னத்தில் இருந்ததை அவரே ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். "ஆனா காலி இடத்தைச் சும்மா விட முடியாதும்மா. மேய்ச்சல் நிலம்னு எழுதிடறேன்."

இடது பல் தப்பித்தது. எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை பால் பல் விழுந்தது. சனிக்கிழமை காலை, இட்லி வெந்துகொண்டிருக்கும்போது, பக்கத்துத் தெரு செபஸ்தியான் நான்கு ஆடுகளோடு வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா எந்திரிச்சிருச்சாம்மா?"

பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நன்றாகத் திறந்தாள். குட்டியை முதலில் விடுங்கள், இடது பக்கம் பட்டா இடம், அங்கே ஒரு குளம்பு படக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டு நான் இட்லியை இறக்கப் போனேன்.