திருட்டுக் கற்பூரவல்லி

எவ பக்கத்துல வேணும்னாலும் குடியிருக்கலாம், இந்த ரங்காத்தாள் பக்கத்துல மட்டும் முடியாதுங்க. எங்க லைன் ஊட்டுல அவளுக்கும் எனக்கும் ஒரே சுவரு. நான் பாத்திரம் கழுவுன தண்ணி அவ வாசலுக்குப் போயிருச்சாம். அதுக்கு என்ன பண்ணுனா தெரியுமா? ரெண்டு வாசலுக்கும் நடுவுல அவ கட்டியிருந்த தென்னோலைத் தட்டியை அவுத்துப் போட்டுட்டா. அந்தத் தட்டி நெழலுலதான் என்ற கற்பூரவல்லி இருந்துச்சு. முந்தானை உரசினாலே வாசல் பூரா மணக்கும். சித்திரை வெயில் விடுமா? பொசுக்கிப்போட்டுது.

"நாசமாப் போறவளே, செடி உன்னை என்னடி பண்ணுச்சு?"ன்னேன்.

"என்ற தட்டி, என்ற இஷ்டம்"னு கதவைச் சாத்திக்கிட்டா. அன்னிக்கோட பேச்சு நின்னுபோச்சு.

அந்த மாசமே என்ற புள்ளை சாரதாமணிக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. ஊசி போட்டும் அடங்கலை. மூச்சு விடறப்ப வெலா எலும்பு உள்ள போயிட்டுப் போயிட்டு வருது. எனக்கு உசுரே இல்லை. கற்பூரவல்லி எலையை அனல்ல வாட்டி, சாறு பிழிஞ்சு, தேன் கலந்து ஊத்துனாத்தான் அவளுக்குச் சளி கரையும். எலைக்கு எங்க போறது?

அப்பத்தான் காத்துல அந்த வாசம் வந்துச்சு. எட்டிப் பாத்தா, ரங்காத்தாள் தண்ணித்தொட்டிக்குப் பின்னால, நெழலுல, கொழுகொழுன்னு நிக்குது. என்ற செடில எப்பவோ ஒடிச்சதுதான், வேற எது! திருட்டு முண்டை.

கேக்கறதா, அவகிட்டயா? நாக்கைப் புடுங்கிக்கலாம். கேட்டாலும் பிரயோசனமில்லீங்க. கற்பூரவல்லியைத் திருடித்தான் நடோணும், மருந்துக்கும் திருடித்தான் பறிக்கோணும். கேட்டு வாங்குனா வேரும் புடிக்காது, சளியும் கரையாது. எங்க பக்கத்துல பச்சைப் புள்ளைக்கும் இது தெரியும்.

அவ குழாயடிக்குப் போனதும் உள்ள பூந்துட்டேன். எலையைக் கிள்ளி மடியில போடறேன், பின்னால குடம் வெக்கற சத்தம். ரங்காத்தாள்! மடியை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

என்னைப் பாத்தா. சுவருக்கு அக்கட்டால என்ற புள்ளை இருமறது கேட்டுச்சு. வெடுக்குன்னு முதுகைத் திருப்பிக்கிட்டா.

"ஊட்டுல எவளும் இல்லை. நானும் எதையும் பாக்கலை"ன்னு தெருவைப் பாத்துக் கத்துனா. "எலையை மட்டும் கிள்ளுனா ஆச்சா? தண்டோட ஒடிச்சிட்டுப் போறதுக்கென்ன? தட்டியை நாளைக்குக் கட்டித் தொலைக்கறேன், அறிவு கெட்டவளே!"

தண்டோட ஒடிச்சேன்.