பெரியப்பா நிறுத்திய வாள்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐவர்: நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா, அவருடைய தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள், அவளைப் பெண் கேட்டு வந்திருந்த மர ஆலைப் பொறியாளன். பெரியப்பா தலையசைத்தால்தான் அந்த வீட்டில் கல்யாணம். அந்தத் தலை லேசில் அசையாது.

பேச்சின் நடுவே பொறியாளனுக்கு ஆலையிலிருந்து போன் வந்தது. ஜன்னலோரம் போய், "ட்வெல்வ் ஃபுட்... நோ, டென் ஃபுட்" என்றான். பெரியப்பாவின் முகம் சுருங்கியது. பன்னிரண்டு என்றால் 'ஃபீட்'. 'ஃபுட்' என்பது இங்கிலீஷ் நாடகங்களில் பட்டிக்காட்டு முட்டாளுக்கு எழுதிவைக்கிற வசனம்.

அவன் விடைபெற்றுப் போனதும் கேட்டார்: "பட்டம் வாங்கினவன் பேச்சா இது? சர்டிபிகேட்டைப் பார்த்தியாப்பா?"

"பார்த்தேண்ணே. அசல்தான்."

"பெரியப்பா, நேத்து ஜன்னல் துணி எத்தனை அடி வாங்கச் சொன்னீங்க?" என்றாள் மகள்.

"ஏழு அடி."

"ஏழு அடிகள்னு சொல்லலையே. உங்களை யாராவது பட்டிக்காடுன்னாங்களா?"

"இவ வாயை அளந்தா எத்தனை அடி வருமோ" என்றாள் அவள் அம்மா.

 செருப்புக்குள் புகுந்த கல்லாகக் கேள்வி பெரியப்பாவை உறுத்தியது. அடி, முழம், கிலோ, மைல். தன் வாயிலும் எதிலும் 'கள்' ஒட்டவில்லை. தமிழில் இயல்பாக இருப்பது இங்கிலீஷில் மட்டும் எப்படி முட்டாளின் அடையாளமானது? அவன் ஒருவன்தான் அப்படிப் பேசுகிறானா, ஆலையே பேசுகிறதா? மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் ஆலைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த ஆலையில் பல பாஷைக்காரர்கள் வேலை செய்தார்கள். அதனால் ஒரு வழக்கம்: ஒருவர் நீளத்தை இங்கிலீஷில் கூவுவார், மரம் அறுக்கும் வாளை ஓட்டுகிறவர் அதையே அட்சரம் பிசகாமல் திருப்பிக் கூவினால்தான் வெட்டு. வேறு சொல் காதில் விழுந்தால் வாளை நிறுத்திவிட வேண்டும். இது பெரியப்பாவுக்குத் தெரியாது.

பொறியாளன், "எய்ட் ஃபுட்" என்று கூவினான். வாள்காரரும் "எய்ட் ஃபுட்" என்றார். டை கட்டி நின்ற வெள்ளைக்கார மேலாளரும் பக்கத்தில் இருந்தவரிடம் அதையே சொன்னார். பெரியப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஃபீட்" என்றார், நீதிமன்றக் குரலில்.

வாள் நின்றது. தலைகள் திரும்பின.

"யாருங்க அது?" என்றார் வாள்காரர்.

"நான்தான்." ஒளிகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

பொறியாளன் விரைந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது, குரல் ஆடவில்லை. "மாமா, தரையில போட்டிருக்கிற மஞ்சக் கோட்டுக்கு வெளிய நில்லுங்க. நான் வர்றவரைக்கும் பேசாதீங்க."

"அளவை ஏன் இப்படிச் சொல்றீங்க?"

"அப்புறம் சொல்றேன் மாமா. இப்ப ஒருத்தர் கை வாள்கிட்ட இருக்கு."

தலையசைக்க வேண்டியவரிடம் இப்படிப் பேசினால் சம்பந்தம் முறிந்துபோகலாம் என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னான். பெரியப்பா கோட்டுக்கு வெளியே போய், வாய் திறவாமல் நின்றார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் அவன் வந்தான். "நானும் முதல்ல ஃபீட்னுதான் கூவினேன் மாமா. இங்க எல்லார் வாயிலயும் ஃபுட். ஒரே சொல்லா இருந்தாத்தான் வாள் நகரும். கடிதத்துல ஃபீட்னுதான் எழுதுவேன்."

"மேலாளர்?"

"அவங்க ஊர்ல வீட்டுலயே அப்படித்தான் பேசுவாங்களாம்."

"படிக்காத வீடோ?"

"அவர் அப்பா பேராசிரியர் மாமா."

பெரியப்பா வழிநெடுக யோசித்துக்கொண்டே வீடு திரும்பினார். "கல்யாணத் தேதியைப் பேசுங்க" என்றார் தம்பியிடம்.

மாப்பிள்ளையின் இங்கிலீஷ் விளக்கத்தில் மயங்கித்தான் அவர் சம்மதித்தார் என்று உறவுக்குள் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. விளக்கம் கேட்பதற்கு முன்பே, பேசாமல் நில்லுங்கள் என்று அவன் சொன்ன இடத்திலேயே அவர் முடிவு செய்துவிட்டார்.