மழைக்கு எட்டுப் புள்ளி

கிளிநொச்சியில் வலயக் கட்டுரைப் போட்டித் தாள்கள் திருத்துகிற மண்டபத்தில் ஒரு சட்டம். ஒரே தாளை இருவர், ஒருவர் போட்ட புள்ளியை மற்றவர் பாராமல் திருத்தவேண்டும். இருபதில் மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் எதிரெதிரே கதிரை போட்டுப் பேசவேண்டும். பிழை தன்னுடையது என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், தலைமைப் பரீட்சகர் செல்வநாயகம் அவர் பெயருக்கு நேரே பிழைக்குறியாக ஒரு புள்ளடி போடுவார். மூன்று புள்ளடி விழுந்தவருக்கு அடுத்த வருடம் அழைப்பில்லை.

விசுவமடுக் கமலேஸ்வரி ரீச்சருக்கு மத்தியானத்துக்குள் இரண்டு விழுந்துவிட்டது. பதினொரு வருடம் பெருமையோடு வந்த மண்டபம். மூன்றாவது விழுந்தால் ஊரில் எந்த முகத்தோடு உலாவுவது?

மூன்றாவது, 'மழைக்காலம்' என்ற கட்டுரையாக வந்தது. அவர் போட்டது எட்டு. முல்லைத்தீவு மரியநேசன் சேர் பதினெட்டு.

"மழை வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் மெலிந்துவிடுவோம்" என்று பிள்ளை எழுதியிருந்தது. அதன் கீழே கமலேஸ்வரி சிவப்பால் கோடிழுத்து, "தவறான கருத்து. மழையால் செழிப்பே உண்டாகும்" என்று எழுதியிருந்தார்.

மரியநேசன் சிரித்தார். "ரீச்சர், மழை பெய்தால் உங்களுக்கு நெல்லு. எங்கட பக்கம் கடல் அடிக்கும், வள்ளம் கரையிலை கவிண்டு கிடக்கும். மார்கழி முழுக்கப் பருப்புத்தான். யேசு பிறந்த நத்தாருக்கும் பருப்பு."

"நான் மழை கேட்டு அம்மனுக்கு நேர்த்தி வைக்கிறனான் சேர்."

"எங்கட ஆக்கள் மழை வேண்டாமெண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவினம். மேலையும் இப்பிடித்தான் கதிரை போட்டுக் கதைக்கினமோ தெரியேல்லை."

கமலேஸ்வரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மரியநேசன் குரலைத் தாழ்த்தினார். "இது உங்களுக்கு மூண்டாவது. நான் இறங்கிறன், நீங்கள் ஏறுங்கோ. பதின்மூண்டு. ஒருத்தருக்கும் புள்ளடி இல்லை."

"பதின்மூண்டெண்டால் பிள்ளை மாகாணப் போட்டிக்குப் போகுமோ?"

"போகாது. பதினாறு வேணும்."

கமலேஸ்வரி தாளை இன்னொருமுறை வாசித்தார். தகப்பன் தன் பங்குச் சோற்றைப் பூனைக்கு வைப்பதுபோல் பாவனை காட்டிப் பிள்ளையின் சோற்றுக் கோப்பைக்குள் தள்ளிவிடுகிற இடத்தில் கண் நின்றது. காலையில் அதையும் வாசித்தவர்தான். எட்டை வெட்டிப் பதினேழு போட்டு, பக்கத்தில் ஒப்பம் வைத்து, செல்வநாயகத்தைக் கூப்பிட்டார்.

"சேர், என்ரை பிழை. புள்ளடியைப் போடுங்கோ!"

செல்வநாயகம் தலையைச் சொறிந்தபடி வந்தார். "மூண்டாவது, ரீச்சர்."

"எனக்கும் எண்ணத் தெரியும். வடிவாப் போடுங்கோ."

புள்ளடி விழுந்தது. தேநீரும் வந்தது. மரியநேசன் தன் பங்கு வடையை எடுத்துக் கமலேஸ்வரியின் தட்டில் வைத்தார். அதை அனுப்பியது அம்மனா மாதாவா என்று அவர் ஆராயவில்லை. அந்தத் தாளுக்கு அம்மனும் மாதாவும்கூடப் பதினாறுக்கு மேல்தான் போட்டிருப்பார்கள்.