மாயாண்டி பெரியப்பாவின் வாய்க்கரிசி

முதல் வாளித் தண்ணீரை ஊற்றியதும், இவ்வளவு சில்லென்று இருக்கிறதே, பெரியப்பாவுக்குக் குளிருமே என்றுதான் சேகரனுக்குத் தோன்றியது. அடுத்த வாளியைத் தூக்கும்போதுதான் அவர் இறந்துபோனது நினைவுக்கு வந்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் பின்பக்கத்தில் பலகை பெஞ்சைப் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். கங்காணி வீராசாமி தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார். ரப்பர் பால்மரம் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன வலது கை பெஞ்சிலிருந்து சரிந்துகொண்டே இருந்தது. சேகரன் அதை எடுத்து எடுத்து மார்மேல் வைத்தான்.

விடியற்காலையில் பால்வெட்டுக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். ராஜம்மா பெரியம்மா தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊருக்கே வைத்தியம் பார்க்க வந்த சேகரன் உள்ளே போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். மருந்துப் பெட்டி அவன் தலைமாட்டில் இருந்தது.

திருச்சியில் பட்டப்படிப்பை முடித்த கையோடு சேகரன் தொண்டர் குழு ஒன்றில் சேர்ந்திருந்தான். மலாயாத் தோட்டங்களில் ஒரு வருடம் தங்கி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, மருந்து கொடுத்து, தமிழர்களை விழிக்கச் செய்வது என்று திட்டம். நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது மலாயாவே தனக்காகக் கைகட்டிக் காத்திருப்பதாக ஒரு எண்ணம் அவனுக்கு. கப்பல் நடுக்கடலுக்குப் போவதற்குள் அந்த எண்ணத்தில் பாதியை வாந்தியெடுத்தாயிற்று. மீதியை மலாக்காவின் அட்டைகளும் கொசுக்களும் பார்த்துக்கொண்டன. பாயா ரும்புட் என்ற ஊரைத் தாண்டி உள்ளே இருந்த இந்தத் தோட்டத்தை அவன் கேட்டு வாங்கிக்கொண்டதற்குக் காரணம் மாயாண்டி பெரியப்பா. அவன் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். மீசை முளைக்கும் முன் கப்பலேறியவர், பிறகு ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பிள்ளைகுட்டியும் இல்லை. சேகரன் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று லயம் லயமாகக் கூட்டிக்கொண்டு போய், "எந்தம்பி மவன். காலேஜி" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கு மேல் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் தொடங்கி நாலாவது வருடம் அது. சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துச் சுற்றிலும் கம்பிவேலி போட்டிருந்தார்கள். இருந்தது ஒரே ஒரு கேட். அங்கே மாத்தாமாத்தா என்கிற மலாய்ப் போலீஸார் துப்பாக்கியோடு நின்று போகிறவர்களையெல்லாம் தடவிப் பார்த்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதால் வேலிக்கு வெளியே ஒரு மணி அரிசி போகக் கூடாது. பிடிபட்டால் ஜெயில். வாரத்துக்கு ஒருமுறை அளந்து கொடுப்பதுதான் அரிசி. விடியலில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வெறுந்தண்ணீரைக் குடித்துவிட்டு மத்தியானம்வரை மரத்தோடு மாரடித்துவிட்டு வந்தார்கள்.

சேகரன் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தான், புண்ணுக்குக் கட்டுப் போட்டான், பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தான். அதெல்லாம் நல்லபடியாகவே நடந்தது. ஆனால் அவனுக்குப் பிடித்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று தோட்டத்துப் படிப்பகத்தில் பேசுவான். பேச்சில் கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. பெரியப்பா துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். எங்கே கைதட்ட வேண்டுமென்று அவருக்குத் தெரியாது. சேகரன் மூச்சு வாங்க நிறுத்தினாலே தட்டிவிடுவார். பின்னால் இருப்பவர்களும் தட்டுவார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சாவுச் சடங்குகளைப் பற்றிப் பேசினான். கஞ்சிக்கு வழியில்லாமல் குழந்தை அழும் ஊரில் பிணத்துக்கு எதற்கு வாய்க்கரிசி? "செத்தவன் வாயில் போடும் அரிசி, இருப்பவன் வயிற்றுக்குப் போகட்டும்" என்றான். படிப்பகமே அதிர்ந்தது. அந்த வாக்கியத்தை அவன் முந்தின நாளே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தான்.

இப்போது பெரியப்பாவின் காலைக் கழுவிக்கொண்டே வீராசாமி மெதுவாகச் சொன்னார். அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் பெரியப்பா கோயில் பக்கத்தில் நாலு பேரைக் கூட்டிவைத்து, தன் காரியத்தில் ஒரு மணி அரிசி சிந்தக் கூடாது, தம்பி மகன் சொன்னபடிதான் செய்யவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டாராம்.

"அதனால மேளம் சொல்லல. அரிசித் தட்டும் எடுக்கல. நீங்க சொன்ன மாதிரியே சுத்தமா செஞ்சிடலாம் தம்பி. பெரியவருக்கு அதுல அவ்ளோ பெருமை."

சேகரன் தலையை ஆட்டினான். இத்தனை மாதப் பேச்சில் அவனுக்குக் கிடைத்த முதல் வெற்றி இது. அது இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் கிடக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

வாசலில் மூங்கில் பாடை தயாராக இருந்தது. புது வேட்டி போர்த்திப் பெரியப்பாவைக் கிடத்தினார்கள். பெண்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பாரியும் கூடாதென்று அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்ததால் வாயில் துணியை வைத்து அழுதார்கள். எல்லோரும் பாடையைச் சுற்றி வந்து நின்றார்கள். வழக்கமாக அரிசித் தட்டு வரும் நேரம் அது. தட்டு வரவில்லை. ஆண்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். சேகரனுக்கும் அப்படித்தான் இருந்தது. பெரியப்பாவுக்குக் கடைசியாக எதையாவது செய்யவேண்டும், அவர் முகத்தருகே குனியவேண்டும் என்று இருந்தது. எதற்காகக் குனிவது? சும்மா குனிந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவன் பேச்சைக் கேட்டுச் சீர்திருந்திய இளவட்டங்கள் எதிரே கைகட்டி நின்றார்கள். பெரியம்மா முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, தூக்கிடலாமா?" என்று வீராசாமி கேட்டார்.

அந்த ஒரு கணம் வாயைத் திறந்திருக்கலாம். தப்பாகப் பேசிவிட்டேன், ஒரு பிடி அரிசி கொண்டுவாருங்கள் என்று சொன்னால் தோட்டமே ஓடிப்போய்க் கொண்டுவந்திருக்கும். ஒருத்தரும் அவனைக் கேலி செய்திருக்கமாட்டார்கள். அவனுக்கு மானம் பெரிதாக இருந்தது.

"தூக்கலாம்" என்றான்.

சுடுகாடு வேலிக்கு வெளியே ஓடையோரத்தில் இருந்தது. பெண்கள் லயத்து எல்லைவரை வருவார்கள். இப்போது எல்லை கேட்தான். மாத்தாமாத்தா பாடையின் துணியை விலக்கி மூங்கிலுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தார்கள். பிறகு தூக்குகிறவர்களைத் தடவிப் பார்த்து வெளியே விட்டார்கள். பாடை மண்சாலையில் இறங்கியது. சேகரன் கடைசியில் நின்றான். அப்போதுதான் பெரியம்மா அவன் முழங்கையைத் தொட்டாள்.

"ஒங்க பெரியப்பாவோட ஆத்தா செத்த சேதி இங்க வரும்போது ஊர்ல கருமாதியே முடிஞ்சிருச்சு. ஒங்கப்பாதான் வாய்க்கரிசி போட்டாராம். இவரு அன்னிக்கு ஓடையில போயி ஒரு பிடி அரிசிய விட்டுட்டு வந்தாரு. வருசா வருசம் அந்த நாளைக்கு விடுவாரு. வேலி போட்டப்பறந்தான் விட முடியல. ஆத்தா வாய்க்குத்தான் போட முடியலன்னு சொல்லிச் சொல்லி அழுவாரு."

சேகரனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அப்படியானால் ஏன் வேண்டாமென்று வாக்கு வாங்கிக்கொண்டார் என்று கேட்டான்.

"நாலு பேரு முன்னால நீ சொல்லிட்ட. ஒன் வீட்டுலயே ஒன் பேச்சு எடுபடலன்னு ஒருத்தனும் சொல்லிறக் கூடாதாம். அதான்." பெரியம்மா முந்தானை முடிச்சை அவனிடம் காட்டினாள். "காலையிலேர்ந்து முடிஞ்சி வெச்சிருக்கேன். நீயா கேப்பேன்னு பாத்தேன், ராசா."

அவன் கையை நீட்டினான். பெரியம்மா முடிச்சை அவிழ்த்து அரிசியைக் கொட்டினாள். கையை மூடிக்கொண்டு கேட்டுக்குப் போனான். அங்கே காவல் நின்ற யூசோப் என்ற இளைஞனுக்கு அவன்தான் போன வாரம் காலில் கட்டுப் போட்டிருந்தான். யூசோப் அவன் சட்டைப்பையைத் தடவினான், இடுப்பைத் தடவினான், பிறகு மூடிய கையைப் பார்த்தான். கையை விரிக்கச் சொன்னான்.

அரிசியைப் பார்த்ததும் யூசோப்பின் முகம் மாறிவிட்டது. அவனுக்குப் பின்னால் சார்ஜன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். சேகரன் ஆங்கிலத்தில் சொன்னான், தனக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயில் சொன்னான். இது இறந்தவருக்கு, வாயில் போடுவதற்கு, எங்கள் வழக்கம் என்று கெஞ்சினான். சார்ஜன் கடுமையான ஆளல்ல. பொறுமையாகக் கேட்டுவிட்டு, போன மாதம் தலைத்துண்டுக்குள் அரிசி கொண்டுபோன பொம்பளை இன்னும் ஜெயிலில் இருக்கிறாள் என்றார். அரிசியோடு இன்னும் ஓரடி எடுத்துவைத்தால் பிடித்து வைக்கவேண்டியிருக்கும், பிறகு எரிக்க யாரும் போகமுடியாது, அனுமதி சாயங்காலம்வரைதான் என்றார்.

"தா போலே, சார்" என்றான் யூசோப் தாழ்ந்த குரலில். முடியாது என்பதை இவ்வளவு வருத்தமாகச் சொல்லிச் சேகரன் கேட்டதில்லை.

பாடை ரப்பர் மரங்களுக்கிடையில் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. எடுத்த பாடையைத் திருப்பிக் கொண்டுவருகிற வழக்கம் கிடையாது. கேட்டுக்கு உள்ளே பெரியம்மா முந்தானையை ஏந்தி நின்றாள். சேகரன் திரும்பி வந்து அரிசியை அதில் கொட்டினான். விரலிடுக்கில் ஒட்டியிருந்ததையும் யூசோப் பார்க்கும்படி தட்டிவிட்டான். பிறகு பாடையைப் பிடிக்க ஓடினான்.

சுடுகாட்டில் ரப்பர் கட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெரியப்பாவை அதன்மேல் கிடத்தி முகத்துத் துணியை விலக்கினார்கள். இந்த இடத்தில் வாய்க்கரிசி போடுகிறவர்களை யாராவது கூப்பிடுவது வழக்கம். ஒருவரும் கூப்பிடவில்லை. பெரியப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. படிப்பகத்தில் அவன் பேசும்போதும் அப்படித்தான் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

சேகரன் வீராசாமியை ஓரமாக அழைத்து, இங்கே எங்கேயாவது ஒரு பிடி அரிசி கிடைக்குமா என்று கேட்டான்.

"வேலிக்கு வெளிய அரிசி ஏது தம்பி" என்றார் வீராசாமி. அவன் தோளைத் தட்டி, "மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. நீங்க சொன்னதுதான் ஞாயம். நாங்கள்லாம் இனிமே அப்படித்தான் செய்யப்போறோம்" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். சேகரனுக்கு அதைவிட ஒரு அறை வாங்கியிருக்கலாம் போலிருந்தது. மகன் முறைக்கு அவன்தான் தீ வைத்தான். பச்சைக் கட்டை, பிடிக்க நேரமாயிற்று. புகை எல்லோர் கண்ணிலும் பட்டதால் அவன் அழுததை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

ஓடையில் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். உள்ளே வருகிறவர்களை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. யூசோப் கேட்டைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாவு வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டமாட்டார்கள், அக்கம்பக்கத்தில்தான் சோறு வரும். ஆனால் எல்லோருக்கும் அளந்து கொடுக்கும் காலத்தில் அடுத்தவர் பங்கில் கைவைக்க வேண்டாமென்று பெரியம்மாவே மூட்டிவிட்டாள் போலும். கைகால் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள். தட்டு வைத்து, கொஞ்சம் சோறு போட்டு, ரசம் ஊற்றினாள். ஒரு ஆளுக்கே காணாத சோறு. பெரியம்மாவின் முந்தானை நுனியில் முடிச்சு இல்லை, அது இருந்த இடம் மட்டும் கசங்கிக் கிடந்தது.

"நீங்க?" என்று கேட்டான்.

"எனக்கு வேணாம். காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல. சிந்தாம சாப்பிடு."

சேகரன் சோற்றைப் பிசைந்தான். முதல் கவளத்தைத் தண்ணீர் குடித்து இறக்கினான். பெரியம்மா எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுக்கு வெளியே ஒரு பருக்கை விழுந்தது. அவன் அதைத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பெரியம்மா எழுந்து ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.